முட்டை எத்தனை, யாருக்கு?

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். கணவருக்கு வயது 49. சென்ற மாத ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்டிரால் 220, எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) 138, எச்.டி.எல். (நல்ல கொழுப்பு) 36, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 230. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1. "முட்டையை விட்டுவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மகனுக்கு 20, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறான், தினமும் ஆறு முட்டை வேகவைத்து வெள்ளைக்கருவைச் சாப்பிட்டுவிட்டு மஞ்சள் கருவைக் குப்பையில் போடுகிறான். மகளுக்கு 12, வயதுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, பாட்டி காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கச் சொல்கிறார். அந்தப் பாட்டிக்கு, அதாவது உங்கள் மாமியாருக்கு, 73; முட்டை சூடு என்று அவர் தொடுவதே இல்லை. முட்டை நல்லதா கெட்டதா, ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லிவருகிறேன். இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு விளக்குகிறேன்.

இதய நோயோ சர்க்கரை நோயோ இல்லாத, கொலஸ்டிரால் அளவு சரியாக உள்ள பெரியவர் தினமும் ஒரு முழு முட்டையை மஞ்சள் கருவோடு பயமில்லாமல் சாப்பிடலாம். வளரும் பிள்ளைகள், உடலுழைப்பு அதிகம் உள்ளவர்கள், மீனும் இறைச்சியும் எப்போதாவதுதான் சமைக்கும் வீட்டுக்காரர்கள் ஆகியோருக்கு இரண்டு கூட ஆகலாம். எல்.டி.எல். கூடியவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் வாரத்துக்கு மூன்று, நான்கு மஞ்சள் கருவோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் வழக்கமான ஆலோசனை. வெள்ளைக்கருவுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. பரம்பரையாகவே கொலஸ்டிரால் மிக அதிகமாக வரும் குடும்பத்தினரும், சிறுநீரகம் பழுதானவர்களும் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கணக்கையும் வைத்துக்கொள்ளக் கூடாது. என் கணக்கும் அவர்களுக்குப் பொருந்தாது.

இனிக் காரணங்கள்.

ஒரு பண்ணை முட்டையை ஓடு நீக்கி எடை போட்டால் ஏறத்தாழ 50 கிராம் இருக்கும். அதில் 70 கலோரிக்குச் சற்று மேல், 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு. அந்தக் கொழுப்பிலும் உறைகொழுப்பு, அதாவது நிறைவுற்ற கொழுப்பு, ஒன்றரை கிராம்தான். கொலஸ்டிரால் 190 மில்லிகிராம் அளவுக்கு உண்டு, அது முழுவதும் மஞ்சள் கருவில். இதைக் கேட்டதும் மஞ்சள் கரு விஷம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் ஏ, டி, பி12 வைட்டமின்களும், மூளைக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலினும், விழித்திரைக்குப் பயன்படும் லூட்டீனும் இருப்பது அதே மஞ்சள் கருவில்தான். புரதத்திலும் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்கரு என்பது மூன்றரை கிராம் புரதமும் மீதி தண்ணீரும். முட்டையில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும்: நார்ச்சத்து கிடையாது, வைட்டமின் சி கிடையாது. இரும்புச்சத்து எழுத்தில் இருக்கிறதே தவிர, மஞ்சள் கருவில் உள்ள ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடலில் சேர்வது குறைவு. ரத்தசோகைக்கு முட்டையை மட்டும் நம்பியிருப்பவர்களிடம் இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். முட்டையோடு கீரையும் எலுமிச்சையும் தட்டில் இருக்கட்டும்.

முட்டை மீதான பயம் எங்கிருந்து வந்தது? 1913-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிக்கோலாய் அனிச்கோவ் என்ற இளம் மருத்துவர் முயல்களுக்குக் கொலஸ்டிராலைத் தீவனமாகக் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் ரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிந்தது. மகத்தான கண்டுபிடிப்பு அது. ரத்தக் குழாய் அடைப்புக்கும் கொலஸ்டிராலுக்கும் உள்ள உறவை உலகம் அங்கிருந்துதான் புரிந்துகொள்ளத் தொடங்கியது. ஆனால் முயல் புல் தின்னும் பிராணி. வெளியிலிருந்து வரும் கொலஸ்டிராலைக் கையாள அதன் உடல் பழகியதே இல்லை. மனித உடல் அப்படிப்பட்டதல்ல. நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்டிராலில் பெரும்பகுதியை நாமேதான் தயாரிக்கிறோம். சாப்பாட்டில் கூடினால் பெரும்பாலோரின் உடல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது, குடலும் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. 1991-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் 88 வயது முதியவர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை வந்தது. பல ஆண்டுகளாக அவர் நாளைக்கு 25 முட்டை சாப்பிட்டுவந்தார். ரத்தத்தில் கொலஸ்டிரால் இயல்பாகவே இருந்தது. ஆராய்ந்தபோது, அவர் உடல் மிகக் குறைவாகவே உறிஞ்சி, மிச்சத்தைப் பித்தநீராக மாற்றி வெளியேற்றுவது தெரிந்தது. அவரைப் பார்த்து யாரும் 25 முட்டை சாப்பிட வேண்டாம். உடலுக்கு இப்படி ஓர் ஏற்பாடு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

அமெரிக்க இதய சங்கம் 1968-இல் நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்டிராலுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. அரை நூற்றாண்டு அந்த வரிகள்தான் உலகம் முழுவதும் மருந்துச் சீட்டுகளின் ஓரத்தில் எழுதப்பட்டன. பிறகு மனிதர்களுக்கே முட்டை கொடுத்து அளந்த பரிசோதனைகள் பல நடந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால், உணவில் 100 மில்லிகிராம் கொலஸ்டிரால் கூடினால் ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் (100 மில்லிலிட்டர்) சராசரியாக 2 மில்லிகிராம் சொச்சம் கூடுகிறது. ஒரு முட்டைக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 220 இருப்பவர் தினசரி ஒரு முட்டையை நிறுத்தினால் 216 ஆகலாம். பலகாரத்தையும் பரோட்டாவையும் நிறுத்தினால் இறங்குவதோடு ஒப்பிட்டால் இது சிறிய மாற்றம். 2015-2020 ஆண்டுகளுக்கான அமெரிக்க உணவு வழிகாட்டியில் அந்த 300 என்ற எண்ணை எடுத்துவிட்டார்கள். அதே இதய சங்கம் 2019-இல், ஆரோக்கியமானவர்கள் நாளைக்கு ஒரு முழு முட்டை சாப்பிடலாம், கொலஸ்டிரால் சரியாக உள்ள முதியவர்கள் இரண்டு வரை சாப்பிடலாம் என்று சொன்னது.

இதைச் சொன்னதும், "அப்படியென்றால் முட்டை கெடுதல் என்று செய்தி வந்ததே?" என்று கேட்பார்கள். வந்தது உண்மைதான். 2019-இல் ஏறத்தாழ 30,000 அமெரிக்கர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று, நாளைக்கு அரை முட்டை கூடினால் இதய நோய் ஆபத்து 6 சதவீதம் கூடுகிறது என்றது. மறு ஆண்டே ஹார்வர்டு ஆய்வாளர்கள் பல லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்து, நாளைக்கு ஒரு முட்டை வரை ஆபத்து கூடவில்லை, ஆசிய நாட்டவரிடம் சற்றுக் குறைந்தே காணப்பட்டது என்றார்கள். சீனாவில் ஐந்து லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வும் 2018-இல் அதே பக்கம்தான் சாய்ந்தது. தினமும் முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு குறைவாக இருந்தது.

இவற்றில் எதுவும் பொய் இல்லை. இவையெல்லாம் "என்ன சாப்பிடுகிறீர்கள்" என்று மனிதர்களைக் கேட்டுவிட்டுப் பல ஆண்டுகள் கழித்து என்ன ஆனது என்று பார்த்தவை. அமெரிக்கர் ஒருவர் காலையில் முட்டை சாப்பிடுகிறார் என்றால் பெரும்பாலும் பக்கத்தில் உப்பிட்ட பன்றி இறைச்சியும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் இருக்கும். சீனக் கிராமத்தில் தினமும் முட்டை வாங்க முடிகிற வீடு, பொதுவாக வசதியான வீடு. அங்கே பழமும் பாலும் மருத்துவமும் கூடுதலாகவே கிடைக்கும். முட்டையை அதன் பக்கத்தில் இருந்த சாப்பாட்டிலிருந்து பிரித்து எடுப்பது அவ்வளவு எளிதல்ல. நம் வீட்டிலும் அதே கதைதான். இங்கேதான் உங்கள் கணவரின் சீட்டுக்கு வருகிறேன்.

அந்த நான்கு எண்களில் எல்லோரும் 220-ஐப் பார்க்கிறார்கள். எனக்கு முதலில் கண்ணில் படுவது டிரைகிளிசரைடு 230, எச்.டி.எல். 36. இந்த ஜோடியை நான் தினமும் பார்க்கிறேன். டிரைகிளிசரைடு ஏறி, நல்ல கொழுப்பு இறங்கி, வயிறு முன்னால் தள்ளி, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பது நம் ஊர் நடுத்தர வயது ஆண்களின் முகவரி போல ஆகிவிட்டது. இதை முட்டை கொண்டுவருவதில்லை. மூன்று வேளையும் மலை போல் சோறும் மாவும், நாலு வேளை சர்க்கரை போட்ட டீ, உடல் அசையாத வேலை, சிலருக்கு மது, இவைதான் கொண்டுவருகின்றன. சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், இந்தியர் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவது தெரிந்தது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதையும் அவர்கள்தான் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

வாரத்தில் நான்கு இரவு உங்கள் கணவர் கடையில் முட்டை பரோட்டாவோ கொத்து பரோட்டாவோ சாப்பிட்டுவிட்டு வருவார், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இரட்டை ஆம்லெட் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கல்லின் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். மைதா உருண்டையை எண்ணெயில் ஊறவைத்து, வீசி, மடித்து, மறுபடி எண்ணெயில் சுட்டுத் தட்டிய பரோட்டா மூன்று. அதன்மேல் உடைத்து ஊற்றிய முட்டை ஒன்று. சுற்றிலும் இன்னொரு கரண்டி எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் 120 கலோரி உண்டு. அதற்குள் விழுந்த முட்டையில் 70. சீட்டில் எண்கள் ஏறியதும் விலக்கச் சொன்னது அந்த எழுபதை. பரோட்டாவும் எண்ணெயும் சால்னாவும் அப்படியே இருக்கின்றன. முட்டையை விட்ட பலர் அந்த இடத்தை இன்னும் இரண்டு இட்லியாலோ ஒரு கரண்டி சோற்றாலோ நிரப்புகிறார்கள். மூன்று மாதம் கழித்து டிரைகிளிசரைடு இன்னும் ஏறி நிற்கிறது. நானே எத்தனையோ சீட்டுகளில் இதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

அவருக்கு என் யோசனை இது. கடைப் பரோட்டாவை மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவையாகக் குறையுங்கள். காலையில் ஆறு இட்லி சாப்பிடுகிறவர் என்றால் மூன்று இட்லி, நிறையக் காய் போட்ட சாம்பார், ஒரு வேகவைத்த முட்டை. வாரத்தில் நான்கு நாள் முழு முட்டை, மற்ற நாட்களில் வெள்ளைக்கரு மட்டும். அவர் எல்.டி.எல்.லும் 138 என்பதால் இந்த எல்லையை வைக்கிறேன். சிலருக்கு உடல் அந்த ஈடுகட்டும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. முட்டை கூடினால் எல்.டி.எல். நன்றாகவே ஏறிவிடும். அவர் அந்த வகையா இல்லையா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி பரிசோதனை எடுத்தால் அவர் ரத்தமே சொல்லும். அந்தச் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தவே கூடாது. முட்டையைக் குறைத்தது மாத்திரைக்கு ஈடாகாது. சர்க்கரை எல்லையில் உள்ளவர்களுக்கு முட்டை ஆகாது என்று சிலர் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் சர்க்கரை உள்ளவர்களுக்கும் எல்லையில் நின்றவர்களுக்கும் வாரத்துக்கு 12 முட்டை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட எல்.டி.எல்.லில் வேறுபாடு வரவில்லை. கொழுப்பின் வகையையும் சேர்த்துக் கவனித்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மகனுக்குச் சொல்லுங்கள், ஆறு வெள்ளைக்கருவில் அவனுக்குக் கிடைப்பது 21 கிராம் புரதம். குப்பையில் போகும் ஆறு மஞ்சள் கருவில் இன்னொரு 16 கிராம் புரதமும், அவன் மாத்திரையாக வாங்கத் துடிக்கும் வைட்டமின்களில் பாதியும் போகின்றன. 20 வயதில், குடும்பத்தில் சிறு வயது மாரடைப்பு இல்லாத பையனுக்கு, நாளைக்கு இரண்டு முழு முட்டை போதும். மீதிப் புரதத்துக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், முளைகட்டிய பயறு, தயிர், மத்தி, நெத்திலி இருக்கின்றன. தந்தையின் எண்கள் இப்படி இருப்பதால் அவனும் ஒருமுறை கொலஸ்டிரால் பரிசோதனை எடுத்துக்கொள்ளட்டும். பாலில் பச்சை முட்டையை அடித்துக் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வேகவைத்த முட்டைப் புரதத்தில் 90 சதவீதம் போல் செரித்து உடலில் சேர்கிறது. பச்சையாகக் குடித்தால் பாதிதான் சேர்கிறது என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற பொருள் பயோட்டின் வைட்டமினைக் கட்டிப்போட்டுவிடும் என்பதும் உண்டு. வெந்தால் அந்தத் தொல்லை போய்விடும்.

மகள் விஷயத்தைச் சற்று நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் பாட்டியின் அன்பு அதில் கலந்திருக்கிறது. நாட்டுக்கோழி முட்டையின் தலைப்பக்கத்தை மட்டும் தட்டி உடைத்து, உள்ளே இருப்பதை வாயில் ஊற்றிவிட்டு, அதே ஓட்டை அளவாக வைத்து நல்லெண்ணெயை நிரப்பிக் கொடுப்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்க வேண்டும், பிறகு ஒரு துண்டுக் கருப்பட்டி. உளுந்தங்களியோடு இதுவும் தலைமுறை தலைமுறையாக வந்தது. இடுப்பெலும்பு பலப்படும் என்று பாட்டி சொல்வதில் அடிப்படை இருக்கிறது: பூப்பெய்திய வயதில் பெண் குழந்தைக்குப் புரதமும் நல்ல கொழுப்பும் கூடுதலாகத் தேவை, அந்தக் காலத்தில் வேறெந்த நாளிலும் அவளுக்கு முட்டை கிடைத்ததில்லை. அந்த நோக்கத்துக்கு நான் தலைவணங்குகிறேன். பச்சையாகக் கொடுப்பதை மட்டும் மாற்றச் சொல்கிறேன். சால்மோனெல்லா என்ற கிருமி ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் எச்சத்தில் இருக்கலாம். கோழியின் உடலிலிருந்தே முட்டைக்குள் புகுந்தும் இருக்கலாம். பார்த்தால் தெரியாது, மணத்திலும் தெரியாது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து, ஊட்டுவதற்குக் கொடுத்த முட்டையே பிள்ளையை மெலியச் செய்துவிடும். முட்டையை நன்றாக வேகவைத்து, உளுந்தங்களியில் அதே நல்லெண்ணெயை ஊற்றிக் கொடுங்கள். பாட்டியின் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். ஆஃப்பாயிலும் கலக்கியும் கூடக் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் தவிர்க்க வேண்டியவைதாம்.

பிள்ளைகளும் முட்டையும் என்றால் எனக்கு ஒரு காட்சி எப்போதும் நினைவுக்கு வரும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமப் பள்ளிக்கு ஊட்டச்சத்துப் பேச்சுக்குப் போயிருந்தேன். சத்துணவுக் கூடத்தின் வெளியே பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி முட்டையைத் தட்டின் விளிம்பில் தட்டி, ஓட்டைச் சில்லுச் சில்லாக எடுத்து ஓரமாகக் குவித்தாள். வெள்ளையைச் சுற்றிச் சுற்றிக் கடித்தாள். மஞ்சள் உருண்டை மட்டும் முழுதாக நின்றதும் அதை நோட்டுத் தாளில் மடித்துப் பாவாடை மடிப்பில் செருகினாள். தம்பிக்காம். அமைப்பாளர் அம்மா பார்த்துவிட்டு, தம்பிக்கு அங்கன்வாடியில் தருவார்கள், நீ சாப்பிடு என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டார். ஓர் உருண்டை மஞ்சள் கருவின் மதிப்பை அந்தப் பிள்ளை அறிந்திருந்தாள். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒன்றாக முட்டை சேர்ந்தது. இன்று பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் முட்டை உண்டு. சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். இந்த மாநிலம் செய்த நல்ல காரியங்களில் முன்வரிசையில் வைக்க வேண்டியது இது என்பது என் உறுதியான எண்ணம்.

கைக்குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈக்வடார் நாட்டில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்தார்கள். வளர்ச்சி குன்றுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததாக 2017-இல் எழுதினார்கள். மலாவியில் அதே சோதனையைச் செய்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. அங்கே ஏரி மீன் சாப்பாடு முன்பே இருந்தது. ஆக, இல்லாத தட்டில் முட்டை பெரும் பலன் தரும், இருக்கிற தட்டில் அவ்வளவு தெரியாது. ஆறு மாதம் முடிந்ததும் நன்றாக வேகவைத்த முட்டையைச் சிறிதளவு மசித்துத் தொடங்கலாம். தள்ளிப்போடுவதால் ஒவ்வாமை தடுக்கப்படுவதில்லை. உடலில் தடிப்போ வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

உங்கள் மாமியாருக்கு வருவோம். ரசம் சாதமும் மோர் சாதமும் மட்டுமே சாப்பிடுகிற 73 வயது அம்மாவுக்கு நான் அஞ்சுவது கொலஸ்டிராலுக்கு அல்ல, கால் தசை கரைவதற்கு. உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று கவனியுங்கள். எழ முடியாதவர் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வரும்போதுதான் எங்களிடம் வருகிறார். பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. முதுமையில் அதைவிடச் சற்றுக் கூடவே தேவை. 50 கிலோ எடை என்றால் 50 கிராம். ரசம் சாதத்தில் அதை எட்டவே முடியாது. பல் இல்லாதவருக்கு முட்டையைவிட மெல்ல எளிதான புரதம் எது? சூடு என்று அவர் சொல்வதோடு வாதாட வேண்டாம். முட்டை உடல் வெப்பத்தை ஏற்றுவதில்லை, ஆனால் பழகாத வயிற்றில் எண்ணெயில் பொரித்த முட்டை நெஞ்செரிச்சல் தரும், அதைத்தான் பலர் சூடு என்கிறார்கள். பாதி முட்டையில் தொடங்குங்கள். வேகவைத்து மசித்து, மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, குழைந்த சோற்றில் கொஞ்சம் நெய்யோடு பிசைந்து கொடுங்கள். செவ்வாய், வெள்ளி, சனி, புரட்டாசி மாதம் ஆகிய அவருடைய விரத நாட்களை மதியுங்கள். அன்று பாசிப்பருப்பும் தயிரும் போதும். மனதுக்கு ஒவ்வவே இல்லை என்றால் முட்டை இல்லாமலும் நன்றாக வாழலாம். அப்போது பால், தயிர், பருப்பு, சுண்டல் ஆகியவற்றை அளந்து கொடுக்கும் பொறுப்பு வீட்டாருடையது.

நாட்டு முட்டையா பண்ணை முட்டையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பாட்டி கேட்பார். சத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நாட்டு முட்டை சிறியது, அதில் மஞ்சள் கருவின் பங்கு சற்றுக் கூடுதல், ருசி பலருக்குப் பிடிக்கும். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, மஞ்சள் கருவின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது. பழுப்பு ஓடு கண்டதும் நாட்டு முட்டை என்று இரட்டை விலை கொடுக்க வேண்டாம். நாமக்கல்லிலிருந்து வரும் சாதாரண வெள்ளை முட்டை ஒரு கிளாஸ் டீயின் விலைக்குள் கிடைக்கிறது. அந்தப் பணத்துக்கு அவ்வளவு தரமான புரதம் வேறெதிலும் கிடைப்பது அரிது. வாங்கி வந்ததும் கழுவி அடுக்காதீர்கள், ஓட்டின் மேல் உள்ள இயற்கைப் பூச்சு போய்விடும். சமைக்கும்போது கழுவினால் போதும். தண்ணீரில் போட்டால் படுத்துக் கிடப்பது புதியது, எழுந்து நிற்பது பழையது, மிதப்பதை விட்டுவிடுங்கள். தண்ணீர் கொதித்தபின் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் வெந்தால் சரி. அதற்கு மேல் விட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல அது, கந்தகமும் இரும்பும் சேர்ந்த நிறம். வேகவைத்த முட்டையை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும், சகோதரி. கணவர், மகன், மகள், மாமியார் என்று நால்வரின் வயதும் எண்ணும் கணக்காக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன வயது, நீங்கள் முட்டை சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வரிகூட இல்லை. நாற்பதைத் தாண்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி எலும்பும் தசையும் வேகமாகக் குறையத் தொடங்கும். அந்த வயதில் என்னிடம் வரும் பெண்களில் பெரும்பாலோர் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய குழம்பை ஊற்றிக் கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள். முட்டைக் குழம்பில் குழம்பு அவர்களுக்கு, முட்டை மற்றவர்களுக்கு. உங்களுக்கும் தினமும் ஒன்று எழுதித் தருகிறேன், மஞ்சள் கருவோடு. உங்கள் கொலஸ்டிராலும் சர்க்கரையும் எப்போது பார்த்தீர்கள்? கணவர் மறுபடி ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் நீங்களும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆக உங்கள் வீட்டுக் கணக்கு: கணவருக்கு ஒன்று, மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று, மாமியார் ஒத்துக்கொண்டால் ஒன்று, உங்களுக்கு ஒன்று. நாளைக்கு ஆறு. முப்பது முட்டை அட்டை ஐந்து நாளைக்கு வரும். இப்போது மகன் ஒருவனே அத்தனையையும் உடைக்கிறான். கணவரின் வெள்ளைக்கரு நாட்களில் மிஞ்சும் மஞ்சள் கருவை மகளின் தோசை மேல் உதிர்த்துவிடுங்கள். காலையில் ஆறையும் ஒன்றாக வேகவையுங்கள். உரிக்கும்போது உங்களுடையதை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டு, பிறகு மற்றவர்களைக் கூப்பிடுங்கள்.